பலெர்மோவில் மேற்செலவு விகிதத்தை நிர்ணயிப்பவர் யார்?

கேள்வி

ஆராய்ச்சித் திட்டம் ஒன்றுக்கு வரும் பணத்தில் இரண்டு வகைச் செலவுகள் அடங்கும். திட்டத்துக்கென்றே நியமித்த ஆய்வாளரின் சம்பளம், வாங்கிய வேதிப்பொருள், போய்வந்த பயணம் ஆகியவை நேரடிச் செலவுகள். ஆய்வுக்கூடத்தின் மின்கட்டணம், கட்டடத் தேய்மானம், நூலகம், கணக்குப் பிரிவு, இரவுக் காவல், துப்புரவு போன்றவை எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவானவை. எந்த ஒரு திட்டத்தின் தலையிலும் முழுதாக எழுத முடியாதவை. இந்தப் பொதுச் செலவுகளுக்குத்தான் மேற்செலவு என்று பெயர். நேரடிச் செலவின் மீது அதை ஒரு விழுக்காடாகச் சேர்ப்பதே பல நாடுகளில் உள்ள வழக்கம்.

அந்த விழுக்காட்டைப் பல்கலைக்கழகமே கணக்குப் பார்த்து நிர்ணயிக்கிறது என்பது பரவலான எண்ணம். இந்த எண்ணம் எந்த அளவுக்குச் சரி என்பதைச் சிசிலியின் தலைநகரான பலெர்மோவின் பல்கலைக்கழகத்தை வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இத்தாலியின் தெற்கு மூலையில், அரசு நிதியை நம்பி நடக்கும் பொதுப் பல்கலைக்கழகம் அது. 1806இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அதன் தலைமையகம் மரீனா சதுக்கத்தில், ஒருகாலத்தில் மதவிசாரணை மன்றத்தின் சிறையும் இயங்கிய ஸ்தேரி மாளிகையில் இருக்கிறது. இப்படியொரு பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கும் செலவை எந்த ஆராய்ச்சித் திட்டத்தில் எழுதுவது என்று கேட்டாலே மேற்செலவின் சிக்கல் பாதி புரிந்துவிடும்.

பாடநூல் முறை: அமெரிக்கப் பேரம்

மேற்செலவு பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி அமெரிக்காவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதற்கு நியாயம் உண்டு. அங்கேதான் இது ஒரு தனிக் கணக்கியலாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வான்னவர் புஷ் தலைமையிலான அறிவியல் ஆராய்ச்சி, வளர்ச்சி அலுவலகம் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போட்டபோது, சம்பளச் செலவில் 50 விழுக்காட்டை மேற்செலவாகக் கொடுத்தது. தொழில் நிறுவனங்களுக்கு 100 விழுக்காடு. போர் முடிந்ததும் கடற்படையும் பிற துறைகளும் இதை விதிகளாக்கின. 1958இல் வந்த ஏ-21 சுற்றறிக்கை அந்த விதிகளின் அடித்தளமாயிற்று; 2014இன் இறுதியில் அது எல்லா நல்கைகளுக்கும் பொதுவான விதித்தொகுப்பில் கரைந்தது.

அந்த முறையில் பல்கலைக்கழகம் தன் பொதுச் செலவுகளை இரண்டு பெரிய தொகுதிகளாகப் பிரிக்கிறது. கட்டடத் தேய்மானம், கடன்வட்டி, பராமரிப்பு, நூலகம் ஆகியவை வசதிகள் தொகுதியில் வரும். பொது நிர்வாகம், துறை நிர்வாகம், திட்ட நிர்வாகம் ஆகியவை நிர்வாகத் தொகுதியில் வரும். ஒவ்வொரு அறையும் எதற்குப் பயன்படுகிறது என்று இடக்கணக்கெடுப்பு நடத்தி, ஆராய்ச்சியின் பங்கைத் தனியே பிரித்து, திருத்திய நேரடிச் செலவால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். கிடைத்த எண்ணோடு பல்கலைக்கழகம் சுகாதாரத் துறையிடமோ கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்திடமோ பேரம் பேச உட்காரும். முடிவாகும் விகிதம் சில ஆண்டுகளுக்குச் செல்லும்.

கணக்கு துல்லியமாகத் தோன்றினாலும், அதன் எல்லைகளை வரைந்தது அரசியல்தான். 1990-91இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் ஒரு உல்லாசப் படகின் தேய்மானத்தை மேற்செலவுக் கணக்கில் எழுதியிருந்தது வெளிப்பட்டு, நாடாளுமன்ற விசாரணை வரை போனது. 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்த அதன் விகிதம் 55.5ஆக இறக்கப்பட்டது, தலைவர் டொனால்டு கென்னடி பதவி விலகினார். அதே 1991இல் நிர்வாகத் தொகுதிக்கு 26 விழுக்காடு என்ற உச்சவரம்பு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் விதிக்கப்பட்டது. உண்மையான நிர்வாகச் செலவு 30 ஆனாலும் கிடைப்பது 26தான். 2025 பிப்ரவரியில் தேசிய சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் ஒரே 15 விழுக்காடு என்று அறிவித்ததும், நீதிமன்றம் அதைத் தடுத்ததும் இதே கதையின் தொடர்ச்சி. அளந்து கண்ட எண் என்று சொல்லப்படுவது, அளவையும் பேரமும் தடையும் சேர்ந்து உருவான எண்.

பலெர்மோவின் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது

இத்தாலியில் பேராசிரியர் சம்பளத்தைத் தாங்குவது சாதாரண நிதியுதவி நிதியம். 1993ஆம் ஆண்டின் 537ஆம் எண் சட்டம் இதை உருவாக்கியது. சம்பளமும் அன்றாட இயக்கச் செலவும் பெருமளவு இதிலிருந்தே வருகின்றன. ஆகவே, ஒரு திட்டம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டடம் திறந்திருக்கும், விளக்கு எரியும், பேராசிரியர் வகுப்பெடுப்பார். மேற்செலவு இங்கே, திட்டம் கொடுக்காவிட்டால் மூடவேண்டி வரும் ஒன்றாக ஒருபோதும் பார்க்கப்படவில்லை. விகிதத்தைக் கணக்கிடும் பழக்கம் வேர்பிடிக்காமல் போனதற்கு முதல் காரணம் இதுவே.

பலெர்மோவின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு ஒன்றை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். 1937இல் இங்கே இயற்பியல் கழகத்தின் இயக்குநராக இருந்த எமிலியோ செக்ரே, பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரானில் பயன்பட்டுக் கழித்த மாலிப்டினத் தகடு ஒன்றைத் தபாலில் பெற்றார். கனிமவியல் பேராசிரியர் கார்லோ பெரியேயின் துணையோடு அதை வேதிமுறையில் பிரித்து 43ஆம் தனிமத்தைக் கண்டார். பின்னாளில் டெக்னீசியம் என்று பெயர் பெற்றது அதுதான். இன்றைய திட்ட வரவுசெலவுப் படிவத்தில் இதை எழுத உட்கார்ந்தால், நேரடிச் செலவு என்று காட்ட ஒரு தபால் உறையும் கொஞ்சம் வேதிப்பொருளுமே மிஞ்சும். கட்டடம், ஆய்வுக்கூடம், இரண்டு பேராசிரியர்களின் சம்பளம் எல்லாம் அரசுக் கணக்கு. கதிரியக்கத்தை உண்டாக்கிய சைக்ளோட்ரானின் செலவோ பெர்க்லியின் கணக்கு. தபால் உறையின் விலையில் ஏதோ ஒரு விழுக்காட்டை மேற்செலவாகக் கொடுத்தால் போதும் என்று எந்த நிதியளிப்பவரும் சொல்லியிருக்க முடியாது.  

2010ஆம் ஆண்டின் 240ஆம் எண் சட்டம் நிலைமையை மாற்றத் தொடங்கியது. அதுவரை துறைகள் தங்கள் பணத்தைத் தாங்களே வைத்துச் செலவழித்தன. இந்தச் சட்டமும், அதன் கீழ் 2012இல் வந்த 18ஆம் எண் ஆணையும் பல்கலைக்கழகம் முழுமைக்கும் ஒரே வரவுசெலவுத் திட்டத்தையும், வணிக நிறுவனங்கள் வைப்பதைப் போன்ற ஐந்தொகைக் கணக்கையும் கட்டாயமாக்கின. தேய்மானம் என்ற சொல்லே அதன்பிறகுதான் பல்கலைக்கழகக் கணக்கில் ஒழுங்காக இடம்பெற்றது. மேற்செலவைக் கணக்கிடத் தேவையான மூலப்பொருள் அப்போதுதான் கையில் வந்தது என்று சொல்லலாம்.

அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு இன்னொரு எண்ணையும் எழுதிவைத்தது. திட்டங்களுக்குக் கணக்குக் காட்டும்போது முழுநேரப் பேராசிரியரின் ஓராண்டுப் பணி 1,500 மணி என்று கொள்ள வேண்டும், பகுதிநேரத்தவருக்கு 750. சிறிய விதியாகத் தோன்றும் இது மேற்செலவை நேராகத் தொடுகிறது. ஆண்டுக்கு 75,000 யூரோ சம்பளச் செலவுள்ள ஒருவரை எடுத்துக்கொண்டால், 1,500ஆல் வகுக்கும்போது ஒரு மணிக்கு 50 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் 2020 திட்டம் முன்வைத்த தெரிவுகளில் ஒன்றான 1,720 மணியால் வகுத்தால் 43.60 யூரோ. அத்திட்டம் தந்த 25 விழுக்காடு மேற்செலவு முன்னதற்கு 12.50, பின்னதற்கு 10.90. விகிதத்தில் ஒரு புள்ளி கூட மாறவில்லை. வகுக்கும் எண் மாறியதுமே மேற்செலவு மாறிவிட்டது.

பிரஸ்ஸல்ஸ் கொடுக்கும் 25

பலெர்மோவுக்கு வரும் போட்டி நல்கைகளில் அதிகம் பேசப்படுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம். 2007-13 காலத்தின் ஏழாம் சட்டகத் திட்டத்தில் பல வழிகள் இருந்தன. உண்மைச் செலவைக் காட்ட முடிந்தவர்கள் அதைக் காட்டலாம். முடியாத பல்கலைக்கழகங்கள் நேரடிச் செலவில் 60 விழுக்காடு என்ற இடைக்கால விகிதத்தைக் கேட்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் 20 விழுக்காடு. ஆனால் ஆராய்ச்சிப் பணிகளில் திரும்பக் கிடைத்தது மொத்தச் செலவில் 75 விழுக்காடு வரைதான்.

ஹொரைசன் 2020 இந்த வழிகளையெல்லாம் அடைத்தது. நேரடிச் செலவை 100 விழுக்காடும் தருகிறோம், மேற்செலவு எல்லோருக்கும் ஒரே விகிதம் என்றது. 2011இல் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது 20 விழுக்காடு. உண்மைச் செலவு வழியைத் தக்கவைக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் வலுத்த குரலுக்குப் பின் 25 என்று முடிந்தது. 2021இல் தொடங்கிய ஹொரைசன் யூரோப்பும் அதே எண்ணைத் தொடர்கிறது. இந்த 25 எந்தப் பல்கலைக்கழகத்தின் செலவையும் அளந்து வந்ததன்று. எளிமை வேண்டும், தணிக்கையில் பிழை குறைய வேண்டும் என்ற நோக்கத்துக்கும், அதிகம் வேண்டும் என்ற பல்கலைக்கழகங்களின் கோரிக்கைக்கும் நடுவே விழுந்த எண்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, சிறிய, தென்பகுதிப் பல்கலைக்கழகங்களுக்கு இது வரம் என்பது. உண்மைச் செலவைக் காட்டும் கணக்கு முறையைக் கட்ட வடக்கின் பெரிய பல்கலைக்கழகங்களால்தான் முடியும். ஒரே விகிதம் அந்த ஏற்றத்தாழ்வைப் போக்குகிறது என்று வாதிடுவார்கள். மற்றது, விலையுயர்ந்த கருவிகளை வைத்திருப்பவர் ஒவ்வொரு திட்டத்திலும் சிறிது நட்டப்படுகிறார் என்பது. இரண்டும் ஓரளவு உண்மை. ஆனால் முதல் விளக்கம் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறது. கணக்கு வைக்க வேண்டிய அவசியத்தையே நீக்கிவிட்டால், கணக்கு வைக்கும் திறமையும் வளராது. பலெர்மோ போன்ற இடத்தில் அந்தத் திறமைதான் முதலில் தேவைப்பட்டது.

இன்னொரு உண்மை இதில் மறைந்திருக்கிறது. நிரந்தரப் பேராசிரியர் திட்டத்துக்குச் செலவிட்ட நேரத்தின் சம்பளத்தையும் ஐரோப்பிய ஒன்றியம் நேரடிச் செலவாக ஏற்கிறது. அந்தச் சம்பளத்தை இத்தாலிய அரசு ஏற்கெனவே கொடுத்துவிட்டது. எனவே திரும்பி வரும் சம்பளத்தொகை பல்கலைக்கழகத்தின் கையில் கட்டில்லாத பணமாக நிற்கிறது. பொருளாதாரக் கண்ணில் பார்த்தால் இதுவும் மேற்செலவு மீட்புதான், பெயர்தான் வேறு. 25 போதவில்லை என்ற முறையீட்டை எடைபோடும்போது இந்தத் தொகையையும் தட்டில் வைக்க வேண்டும். பெரும்பாலான விவாதங்கள் அதைச் செய்வதில்லை.

ஒரே திட்டம், பல விகிதம்

ரோமிலிருந்து வரும் பணத்துக்கு விதிகள் வேறு. தேசிய முக்கியத்துவமுள்ள ஆராய்ச்சித் திட்டங்களுக்கான பிரின் போட்டியில், 2017ஆம் ஆண்டுச் சுற்றைப் போன்றவற்றில், பொதுச் செலவு ஊழியர் செலவின் 60 விழுக்காடு. பெருந்தொற்றுக்குப் பின் வந்த தேசிய மீட்புத் திட்டத்தின் பணத்தில், பல்கலைக்கழகக் கூட்டமைப்புகளுக்கான பெரிய நிதியொதுக்கீடுகளில், அது ஊழியர் செலவின் 15 விழுக்காடு. கத்தானியாவின் தலைமையில் பலெர்மோ, மெஸ்ஸினா, என்னா பல்கலைக்கழகங்கள் சேர்ந்த சமோத்ராச்சே என்ற நுண்மின்னியல் கூட்டமைப்பு இந்த மீட்பு நிதியில் பிறந்ததே.

எண்களை அருகருகே வைத்துப் பார்க்க, கற்பனையாக ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மொத்த நேரடிச் செலவு 4 லட்சம் யூரோ. அதில் ஊழியர் 2,50,000, கருவி 60,000, பயணமும் பொருள்களும் 40,000, வெளியாருக்குக் கொடுத்த துணைப்பணி 50,000. ஹொரைசன் விதியில் துணைப்பணியைக் கழித்துவிட்டு 3,50,000இன் மீது 25 விழுக்காடு, அதாவது 87,500. பிரின் விதியில் 1,50,000. மீட்பு நிதியில் 37,500. இதே திட்டம் 55 விழுக்காடு விகிதமுள்ள ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் நடந்தால், கருவியைக் கழித்து, துணைப்பணியில் முதல் 50,000ஐச் சேர்த்து, 3,40,000இன் மீது 1,87,000.

60 விழுக்காடு என்று சொன்ன இடத்தில் கிடைத்தது 1,50,000. 55 விழுக்காடு என்று சொன்ன இடத்தில் கிடைத்தது 1,87,000. விழுக்காட்டை மட்டும் ஒப்பிடும் கட்டுரைகளும் செய்தி அட்டவணைகளும் எவ்வளவு தவறான வழியில் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எதன் மீது விகிதம் என்பதைச் சொல்லாமல் விகிதத்தைச் சொல்வதில் பொருளில்லை. மீட்பு நிதியின் 37,500 மொத்த நேரடிச் செலவில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அதே பல்கலைக்கழகம், அதே கட்டடம், அதே மின்கட்டணம். செலவு மாறவில்லை, கொடுப்பவர்தான் மாறினார். ரோமின் ஒரே அமைச்சகம் ஒரு போட்டியில் 60ஐயும் இன்னொன்றில் 15ஐயும் ஊழியர் செலவின் மீது வைத்தது என்பதிலிருந்தே, இரண்டில் எதுவும் பல்கலைக்கழகத்தின் செலவைப் பார்த்து எழுதியதல்ல என்பது தெரியும்.

அமெரிக்க விதி பலெர்மோவுக்கு வெளியே எங்கோ இருப்பதும் அல்ல. 1997இல் சிசிலி மாநில அரசும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவ மையமும் இணைந்து இஸ்மெத் என்ற உறுப்புமாற்று மருத்துவமனையை இங்கே நிறுவின. 2006இல் இத்தாலிய அரசு, மாநில அரசு, தேசிய ஆராய்ச்சி மன்றம், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம், அதன் மருத்துவ மையம் ஐந்தும் சேர்ந்து ரீமெட் அறக்கட்டளையை உருவாக்கின. பிட்ஸ்பர்க் தன் நாட்டில் கூட்டாட்சி அரசோடு பேரம் பேசி விகிதம் பெறுகிறது. அட்லாண்டிக்கின் இக்கரையில் உள்ள நிறுவனம் ஒன்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்திடம் நேராக நல்கை பெற்றால், நெடுங்காலம் கிடைத்தது 8 விழுக்காடுதான். நம் கற்பனைத் திட்டத்தில் அது 27,200. ஒரே ஆய்வு, ஒரே கூட்டாளிகள். பணம் எந்தக் கரையில் இறங்குகிறது என்பதே மேற்செலவை முடிவுசெய்கிறது.

அறக்கட்டளைகளின் பணம் இன்னும் இறுக்கம். கேட்ஸ் அறக்கட்டளை பல்கலைக்கழகங்களுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் தருவதில்லை. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஒப்பந்தப் பணி: கையில் இருக்கும் ஒரு பிடி

நல்கைகளில் விகிதத்தைக் கொடுப்பவர் நிர்ணயிக்கிறார். ஒப்பந்தங்களில் நிலைமை மாறுகிறது. 1980 ஜூலை 11இன் 382ஆம் எண் ஆணையின் 66ஆம் பிரிவு, கற்பித்தலும் ஆய்வும் பாதிக்கப்படாத வரை, பொது நிறுவனங்களுக்கும் தனியாருக்கும் ஒப்பந்த அடிப்படையில் ஆய்வும் ஆலோசனையும் செய்யலாம் என்று இத்தாலியப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி தந்தது. பிறர் கணக்கில் செய்யும் பணி என்று அலுவலகங்களில் சொல்லப்படுவது இதுவே. வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்பதைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழு ஒரு விதிமுறையில் எழுத வேண்டும். பொதுச் செலவுக்குப் பல்கலைக்கழகம் எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பதும் அந்த விதிமுறையில்தான் வரும்.

சட்டம் வைத்த வேலிகள் சில. ஒருவர் பெறக்கூடியது அவரது ஆண்டு மொத்த ஊதியத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஊழியர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் மொத்தத் தொகை, வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இது வணிகச் செயல் என்பதால் 22 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் உண்டு. ஒரு நிறுவனம் தன் கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க ஒரு லட்சம் யூரோவுக்கு ஒப்பந்தம் போட்டால், அது கட்டுவது 1,22,000. வரி போக மீதமுள்ள ஒரு லட்சத்தில் 50,000க்கு மேல் ஊழியருக்குப் போகாது. எஞ்சியதில் பொருள், கருவி, தற்காலிக ஆய்வாளர் ஆகிய செலவுகள் போக நிற்பதே துறைக்கும் பல்கலைக்கழகத்தின் மைய நிர்வாகத்துக்கும்.

இங்கே மேற்செலவு விகிதம் பார்வைக்கு வேறுமாதிரி மாறிவிடுகிறது. நல்கையில் அது வெளியார் கூடுதலாகத் தரும் பணம். ஒப்பந்தத்தில் அது பேராசிரியரின் பங்கிலிருந்து பிடிக்கும் பணம் போலத் தோன்றுகிறது. மையம் பிடித்தத்தை உயர்த்தினால், விலை ஏறி வாடிக்கையாளர் போய்விடுவார் என்பார்கள், அல்லது எங்கள் உழைப்பைச் சுரண்டுகிறார்கள் என்பார்கள். ஆகவே எந்தப் பல்கலைக்கழகத்திலும் இந்த விகிதம் செலவுக் கணக்கைவிட உள்ளூர்ச் செல்வாக்கைத்தான் அதிகம் காட்டும். சென்னை ஐஐடியில் நல்கைத் திட்டங்களையும் தொழில் ஆலோசனையையும் ஒரே அலுவலகம் தனித்தனி விதிகளின் கீழ் கையாள்வதை அறிந்தவர்களுக்கு இந்த இழுபறி புதிதாக இராது.

ஆனால் இந்தப் பேரத்துக்கு ஐரோப்பியச் சட்டம் ஓர் எல்லை போட்டிருக்கிறது. ஆராய்ச்சிக்கான அரசு உதவிச் சட்டகம், 2014இலும் பின்னர் 2022இலும் புதுப்பிக்கப்பட்டது, பொது நிதியில் வாழும் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தப் பணி செய்தால் சந்தை விலை வாங்க வேண்டும் என்கிறது. சந்தை விலை இல்லையென்றால் முழுச் செலவும் அதன்மேல் ஒரு லாபமும் சேர்ந்த விலை வேண்டும். அல்லது தன் பொருளாதார நலனை விட்டுக்கொடுக்காமல் பேசி முடித்த விலையாக இருக்க வேண்டும். குறைந்த விலைக்குச் செய்தால் அது அந்த நிறுவனத்துக்கு மறைமுக அரசு உதவி. முழுச் செலவு என்பதில் மேற்செலவும் அடக்கம். எந்த நிதியளிப்பவரும் கேட்காத உண்மைக் கணக்கை இந்தச் சட்டகம் கேட்கிறது. பலெர்மோவின் நிலையில் மிகவும் முக்கியமான விதி இதுதான் என்று இக்கட்டுரை கருதுகிறது.

கருவிகளும் கட்டடங்களும்

அந்த விதி இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் உண்டு. தென் இத்தாலியின் பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய கருவிகள் வந்த முக்கிய வழிகளில் ஒன்று ஐரோப்பியக் கட்டமைப்பு நிதி. பலெர்மோவில் சயின்ஸ் நிழற்சாலை வளாகத்தில் இயங்கும் அத்தேன் மையம் என்ற கருவிக் கூடம் 2007-13 காலத்துத் தேசிய செயல்திட்டத்தின் பணத்தில் உருவானது. வாங்கும் பணத்தை வெளியார் தந்தார். ஆனால் அந்தக் கருவிகள் குளிரூட்டப்பட்ட அறையில் இருக்க வேண்டும், ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும், இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கட்டமைப்பு நிதி முடிந்த மறுநாளிலிருந்து இவை எல்லாம் பல்கலைக்கழகத்தின் தலையில்.

மானியத்தில் வந்த கருவியின் தேய்மானத்தை இன்னொரு மானியத்தில் எழுத முடியாது; ஒரே செலவை இருமுறை வாங்கியதாகிவிடும். ஆகவே பலெர்மோ போன்ற பல்கலைக்கழகத்தின் உண்மை மேற்செலவைக் கணக்கிட்டால், தேய்மானப் பகுதி சிறுத்தும், பராமரிப்புப் பகுதி பெருத்தும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். தன் பணத்தில் கட்டடம் கட்டிய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கணக்கு இதற்கு நேர்மாறு. அமெரிக்க வாய்பாட்டை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அரசு உதவிச் சட்டகம் இங்கே இன்னொரு முறை வருகிறது. பொதுப் பணத்தில் அமைந்த ஆய்வுக் கட்டமைப்பு தொழில் நிறுவனங்களுக்காக இயங்கலாம். ஆனால் அந்தப் பயன்பாடு அதன் ஆண்டுத் திறனில் 20 விழுக்காட்டுக்குள் அடங்கினால்தான் அது துணைச் செயலாகக் கருதப்படும். கருவி எத்தனை மணி நேரம் ஓடியது, யாருக்காக ஓடியது என்ற பதிவேடு இல்லாமல் இதை நிரூபிக்க முடியாது. அந்தப் பதிவேடு இருந்தால், ஒரு மணி நேர ஓட்டத்தின் முழுச் செலவும் தெரிந்துவிடும். மேற்செலவை விழுக்காடாகச் சேர்ப்பதைவிட, கருவி நேரத்துக்குக் கட்டண அட்டவணை போட்டு நேரடிச் செலவாகவே வாங்கலாம். பராமரிப்புச் செலவின் பெரும்பகுதி இப்படி 25 விழுக்காட்டின் கூரைக்கு வெளியே வந்துவிடும். தென்பகுதிப் பல்கலைக்கழகத்துக்கு விகிதத்தைக் கூட்டக் கோருவதைவிட இது கைக்கு எட்டும் வழி.

உள்ளே பங்கீடு

வந்த மேற்செலவு யாருக்கு என்பது கடைசிச் சிக்கல். மையம், துறை, ஆய்வுக் குழு ஆகிய மூவரும் கைநீட்டுவார்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பேராசிரியர்களுக்கான ஊக்கநிதியம் ஒன்றை ஏற்படுத்தி, ஒப்பந்த வருமானத்தின் ஒரு பகுதியை அதில் சேர்க்கவும் பல்கலைக்கழகங்களை அனுமதிக்கிறது. மின்கட்டணம் கட்ட வந்த பணம் ஊக்கத்தொகையாகவும் மாறலாம் என்பதற்குச் சட்டமே கதவு திறந்திருக்கிறது. திட்டம் கொண்டுவருபவருக்கு ஊக்கம் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் உண்மைச் செலவு தெரியாத நிலையில் பங்கிடுவது, லாபம் எவ்வளவு என்று தெரியாமல் லாபத்தைப் பங்கிடுவதாகும்.

மதிப்பீடு

பல்கலைக்கழகம் மேற்செலவு விகிதத்தை நிர்ணயிக்கிறது என்ற கூற்று பலெர்மோவில் அரைகுறை உண்மை. ஐரோப்பிய நல்கையில் பிரஸ்ஸல்ஸ் நிர்ணயிக்கிறது. தேசிய நல்கையில் ரோம். அமெரிக்கப் பணத்தில் வாஷிங்டன். பல்கலைக்கழகம் தானே முடிவுசெய்வது ஒப்பந்தப் பணியில் பிடிக்கும் பங்கையும், வந்ததை உள்ளே பிரிக்கும் முறையையும், கருவிக் கட்டணத்தையும் மட்டுமே. இந்த மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஓர் ஆய்வு மணியின் முழுச் செலவு எவ்வளவு என்ற எண்.

யாரும் அந்த எண்ணைக் கொடுத்துத் தீர்க்கப் போவதில்லை என்பதால் அதைக் கணக்கிட வேண்டாம் என்ற வாதம் இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் நெடுநாள் செல்லுபடியானது. ஐந்தொகைக் கணக்கு வந்துவிட்ட பின், முழுச் செலவு விலையைச் சட்டமே கேட்கும்போது, அந்த வாதத்துக்கு இனி இடமில்லை. தன் செலவைத் துறைவாரியாகக் கணக்கிட்டு ஆண்டுதோறும் வெளியிடும் வேலையைப் பலெர்மோ எந்த நிதியளிப்பவரின் அனுமதிக்கும் காத்திராமல் செய்யலாம், செய்ய வேண்டும்.